செமஸ்டர் அழுத்தம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது: பல்கலைக்கழக மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தேர்வுக்கு முந்தைய வாரம் வயிறு பிசைவதும், ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தூக்கம் பிடிக்காததும் நோயல்ல. கெடு நெருங்கும்போது உடம்பு அட்ரினலின், கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன்களைச் சுரந்து நம்மை உசுப்பிவிடுகிறது. கெடு தாண்டியதும் அது தணிய வேண்டும். தேர்வு முடிந்து இரண்டு வாரமாகியும் தணியவில்லை என்றால், வகுப்பே இல்லாத நாளிலும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றால், விஷயம் வேறு. முன்னதற்குத் தேவை திட்டம், பின்னதற்குத் தேவை சிகிச்சை. இரண்டுக்கும் "கொஞ்சம் ரிலாக்ஸா இரு" என்ற ஒரே அறிவுரையைச் சொல்லிச் சொல்லியே பல மாணவர்களுக்கு ஒரு முழு ஆண்டு போய்விடுகிறது.

இது அரிதாக வரும் பிரச்சினையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் ஒன்றின் கீழ் 8 நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாமாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஒரு முறையாவது மனநலக் கோளாறின் அறிகுறிகள் இருந்தது தெரியவந்தது. வயதுக்கும் இதில் பங்கு உண்டு. 2005இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றின் கணக்குப்படி, மனநலக் கோளாறுகளில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன. பட்டப்படிப்பு ஆண்டுகள் சரியாக அந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது இருந்தால் மட்டும், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக ஏழாம் படிக்குப் போங்கள்.

முதல் படி: அளந்து பாருங்கள்

"எனக்கு ஒன்றுமில்லை", "எனக்கு டிப்ரஷன்" என்று இரண்டு பக்கமும் ஊகிப்பதை விட, மருத்துவர்கள் பயன்படுத்தும் இரண்டு கேள்வித்தாள்களை நிரப்பிப் பார்க்கலாம். இரண்டும் இலவசம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு நாள் இருந்தது என்று கேட்பார்கள். அறவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3.

முதல் தாளின் உச்ச மதிப்பெண் 27. 5 முதல் லேசான மனச்சோர்வு, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுத் தீவிரம், 20 முதல் தீவிரம். இரண்டாம் தாளின் உச்சம் 21. அங்கே எல்லைகள் 5, 10, 15. இரண்டில் எதில் 10ஐத் தொட்டாலும் நிபுணர் ஒருவரைப் பார்ப்பது அவசியம். முதல் தாளின் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், ஏழாம் படிக்குப் போங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, தினமும் நிரப்பிப் பார்ப்பது. கேள்வி இரண்டு வாரத்தைப் பற்றியது. தினமும் நிரப்பினால் அன்றைய மனநிலைதான் எண்ணாக வரும், கவலைப்பட இன்னொரு விஷயமும் கிடைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தேதி போட்டுக் குறித்து வைத்தால் போதும். இது நோயறிதல் அல்ல, சளி இருக்கும்போது வெப்பமானி வைத்துப் பார்ப்பது மாதிரி.

இரண்டாம் படி: உடல் காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

சோர்வு, கவனமின்மை, படபடப்பு எல்லாம் மனதிலிருந்து மட்டும் வருவதில்லை. தைராய்டு குறைந்தால் மந்தமும் சோர்வும் வரும், கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோற்றமளிக்கும். ஒரு பொது மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), பி12 மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. எடுத்துவரும் மாத்திரைகளையும் குடிக்கும் காபி, எனர்ஜி டிரிங்கின் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வகை அறிகுறிகளை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சு வேகமெடுத்து, பெரிய பெரிய திட்டங்களும் கண்மண் தெரியாத செலவுமாகச் சில நாட்கள் போயிருந்தால் அது இருமுனைக் கோளாறாக (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும். அதனால் முன்பு அப்படி நடந்ததை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்றவை இருந்தால் காத்திருக்கவே கூடாது. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. கஞ்சா இந்த நிலையைத் தூண்டிவிடக்கூடியது.

மூன்றாம் படி: எழும் நேரத்தை ஆணி அடித்து வையுங்கள்

மற்ற எந்த முயற்சியும் தூக்கம் சரியானால்தான் பிடிக்கும். ஆனால் எல்லோரும் தொடங்குவது தவறான முனையில். "இன்று பத்து மணிக்கே படுத்துவிட வேண்டும்" என்று தீர்மானிக்கிறார்கள். படுக்கலாம், தூக்கத்தை வரவழைக்க முடியாது. நம் கையில் இருப்பது எழும் நேரம் மட்டும்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற, தூக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போதுமான அளவு சேர்ந்தால்தான் கண் சொருகும். கூடவே உடம்பின் உள் கடிகாரமும் சம்மதிக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தை நேரப்படுத்துவது காலை வெளிச்சம். சனி, ஞாயிறு மதியம் வரை தூங்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடுகின்றன. அதனால்தான் ஞாயிறு இரவு இரண்டு மணி வரை புரள்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் வகுப்புக்கு எழ வேண்டிய நேரத்தையே வாரத்தின் ஏழு நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் இருங்கள். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்பு, 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படுக்கையில் படிப்பு, லேப்டாப், போன் எதுவும் கூடாது. தூக்கம் வரும்போதுதான் படுக்க வேண்டும். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது செய்துவிட்டுக் கண் சொருகியதும் திரும்பிப் படுங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் மனக்கணக்கில் போதும், பார்த்தால் "இன்னும் நாலு மணி நேரம்தான்" என்ற கணக்கு தொடங்கிவிடும். படுக்கையில் புரள்வதையே பழக்கமாக்கினால் மூளை படுக்கையைக் கவலைப்படும் இடமாகப் பதிந்துவைத்துக்கொள்ளும். இந்த முறை அந்தப் பிணைப்பை அறுப்பதற்காகத்தான்.

முதல் ஐந்தாறு நாள் இன்னும் களைப்பாக இருக்கும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான், பலன் வரும் தறுவாயில். இரண்டு வாரம் தாக்குப்பிடியுங்கள். வலிப்பு நோயோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் தூக்க நேரத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

காஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். 18 முதல் 25 வயது வரை இரவுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதால், மதியம் இரண்டு மணியைக் கடைசிக் கோப்பைக்கான நேரமாக வைப்பது பாதுகாப்பு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 400 மில்லிகிராம். 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் சுமார் 80 மில்லிகிராம் இருக்கும். படபடப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இந்த வரம்பே அதிகம்.

நான்காம் படி: மலையைக் கல்லாக உடையுங்கள்

பாடச்சுமையை மனதுக்குள் வைத்திருக்கும்வரை அது உண்மை அளவை விடப் பெரிதாகவே தெரியும். ஒரு தாளை எடுங்கள். நிலுவையில் உள்ள எல்லாவற்றையும், அசைன்மென்ட், ஆய்வகக் குறிப்பேடு, அரியர், கட்டணம், பதில் போடாத மின்னஞ்சல் என்று ஒன்று விடாமல், எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கெடு தேதி, மொத்த மதிப்பெண்ணில் அதன் பங்கு, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல் என மூன்று குறிப்புகள்.

மூன்றாவதுதான் சூட்சுமம். "ஆய்வறிக்கை எழுத வேண்டும்" என்பது செயல் அல்ல, பெயர். "முறையியல் பகுதிக்கு மூன்று துணைத் தலைப்புகள் எழுது" என்பது செயல். 15 நிமிடத்தில் முடியாத எதையும் இன்னொரு முறை உடையுங்கள். "அந்தக் கோப்பைத் திறந்து தலைப்பையும் தேதியையும் டைப் செய்" என்ற அளவுக்கு இறங்கினாலும் தவறில்லை. பிறகு அதை நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போடுங்கள்: "நாளை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்ததும் இதைத் திறப்பேன்." நேரம், இடம், செயல் மூன்றும் சேர்ந்த தீர்மானங்கள் வெறும் ஆசையை விட அதிகம் நிறைவேறுகின்றன என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே காட்டியிருக்கிறார்.

வேலையைத் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று சொல்லித் தன்னைத்தானே திட்டிக்கொள்வது பயன் தராது. அந்தக் கோப்பைத் திறந்தால் எழும் பயத்திலிருந்தோ அவமானத்திலிருந்தோதான் தப்பி ஓடுகிறோம். திட்டுவது அந்த அவமானத்தைக் கூட்டும், ஓட்டமும் கூடும்.

படிக்கும் முறையும் பதற்றத்தின் ஒரு மூலம். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கும், தேர்வறையில் வெறுமையாகிவிடும். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், ஒரே பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் தேர்வறையில் நேரப்போகும் அதிர்ச்சியை வீட்டிலேயே சின்ன அளவில் வாங்கிக்கொள்கிறீர்கள்.

கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்துவிட்டால், கெடு தாண்டுவதற்கு முன்பே எழுதுங்கள். காரணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, உடல்நலக் காரணத்தால் 14ஆம் தேதிக்குரிய கட்டுரையை அன்றைக்குள் முடிக்க இயலவில்லை. முதல் இரண்டு பகுதிகள் தயார், இணைத்துள்ளேன். 21ஆம் தேதிக்குள் முழுவதையும் தர அனுமதி வேண்டுகிறேன். மருத்துவச் சான்று தேவையெனில் தருகிறேன்."

முடித்த பகுதி, புதிய தேதி, சான்று தரும் சம்மதம் மூன்றும் இருந்தால் பதில் சொல்வது அவருக்கு எளிது. ஒரு மாதம் காணாமல் போய்விட்டு ஐந்து பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதுவதை விட இந்த நான்கு வரி வேலை செய்யும். பாடத்தைக் கைவிடவும் விடுப்பில் போகவும் கடைசி நாள் எது என்பதை செமஸ்டர் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். தேவைப்படும் நாளில் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டும் தெம்பு இருக்காது.

ஐந்தாம் படி: பதற்றம் ஏறும்போது

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, விரல் மரத்து, தலை சுற்றி, "செத்துவிடுவேன்" என்று தோன்றினால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். முதல் முறை என்றால் இதயம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். விரல் மரப்பதற்குக் காரணம் எளிது. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதுதான் மரப்பும் சுற்றலும். அதனால் "நல்லா ஆழமா மூச்சை இழு" என்ற ஆலோசனை நேர் எதிராக வேலை செய்யும். இழுப்பதல்ல, மெதுவாக விடுவதுதான் தேவை.

மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மெல்ல இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம். தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். கூடுமானவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள். ஓடிவிட்டால் "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை பதிந்துகொள்ளும், அடுத்த முறை அந்த அறையின் வாசலிலேயே படபடப்பு தொடங்கும். இந்த மூச்சை முதன்முதலாகத் தேர்வறையில் முயல்பவர்கள்தான் "எனக்கு இதெல்லாம் வேலை செய்யாது" என்கிறார்கள். அமைதியாக இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் பழகியிருக்க வேண்டும்.

ஓயாமல் ஓடும் கவலைக்கு வேறு வழி. மாலையில் 20 நிமிடத்தைக் கவலைக்கென்று ஒதுக்குங்கள், ஆனால் படுக்கும் நேரத்தில் வேண்டாம். பகலில் வரும் கவலையை ஒரே வரியில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். மாலையில் பட்டியலைப் பார்த்தால் பாதி தானாகவே வலுவிழந்திருக்கும். மீதியில் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரித்து, முன்னதை நான்காம் படியின் தாளில் ஏற்றுங்கள்.

ஆறாம் படி: மனம் வரும்வரை காத்திருக்காதீர்கள், ஆனால் தனியாகவும் போராடாதீர்கள்

மனச்சோர்வு, "தெம்பு வந்ததும் செய்யலாம்" என்று சொல்லும். அதை நம்பி அறையில் கிடந்தால் தெம்பு இன்னும் குறையும். செயல்வழிச் சிகிச்சை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். ஒரு வாரம் மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். எல்லாம் ஒரே கருமை என்று நினைத்த வாரத்தில் 2க்கும் 5க்கும் இடையே ஏற்ற இறக்கம் தெரியும். ஏற்றிய செயல்களை அடுத்த வாரத்தில் நாளும் நேரமும் போட்டு வையுங்கள். மகிழ்ச்சி தருவது ஒன்று, முடித்தோம் என்ற நிறைவு தருவது ஒன்று, தினமும் இரண்டும் வேண்டும். பத்து நிமிட நடை போதும். முதல் நாளே தினமும் ஒரு மணி நேரம் ஜிம் என்று திட்டமிட்டால் மூன்றாம் நாள் தோல்வி நிச்சயம், அந்தத் தோல்வியை மனச்சோர்வு சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்.

இதை இரண்டு வாரம் செய்தும் முதல் படியின் கேள்வித்தாள் மதிப்பெண் இறங்கவில்லை என்றால், அல்லது முதல் அளவீட்டிலேயே 10ஐத் தொட்டிருந்தால், நிபுணரிடம் போங்கள். பல்கலைக்கழக ஆலோசகர் பேச்சுவழியாக உதவுவார். மருத்துவ உளவியலாளர் முறைப்படி மதிப்பீடு செய்து உளவியல் சிகிச்சை தருவார். மனநல மருத்துவர் மருந்தும் எழுதுவார். யாரிடம் போவது என்று குழம்ப வேண்டாம், அருகில் கிடைப்பவரிடம் தொடங்குங்கள், தேவையெனில் அவரே அடுத்தவரிடம் அனுப்புவார். போகும்போது கேள்வித்தாள் மதிப்பெண்கள், தூக்கக் குறிப்பு, மாத்திரைப் பட்டியல், "இதனால் என்னால் செய்ய முடியாமல் போனவை" என்று மூன்று வரி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அழுகை வந்து பேச முடியாவிட்டால் அந்தத் தாளை நீட்டிவிடலாம். நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்குமா, எந்தச் சூழலில் வெளியே சொல்ல வேண்டிவரும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்பது அந்த விதிவிலக்குகளில் ஒன்று. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) பொதுவாக 6 முதல் 20 அமர்வுகள் நீளும். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையை மருத்துவர் எழுதினால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குமட்டலும் தலைவலியும் அமைதியின்மையும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தைத் தூக்கிப்போடும் இடம் இதுதான் என்று சொல்லலாம்: தொல்லை வந்துவிட்டது, பலன் இன்னும் வரவில்லை. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அதனால் முதல் மாதம் அடிக்கடி மருத்துவரைப் பாருங்கள், கூட இருப்பவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். சரியாகிவிட்டது என்று நினைத்து நீங்களாக நிறுத்தாதீர்கள். வழக்கமாகக் குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

வீட்டில் சொல்வது பலருக்கும் மருத்துவரிடம் போவதை விடக் கடினம். நோயின் பெயரில் தொடங்காமல் நடப்பதில் தொடங்குங்கள்: "அம்மா, ஒரு மாசமா சரியா தூங்க முடியல, படிக்க உட்கார்ந்தா மண்டையில ஏறல. டாக்டர்கிட்ட போயிருக்கேன். நீங்க இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம், தினமும் ராத்திரி ஒரு தடவை போன் பண்ணுங்க போதும்." செய்யக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் பெற்றோரின் பதற்றம் அறிவுரையாக மாறுவது குறையும்.

ஏழாம் படி: உயிருக்கு ஆபத்து என்றால்

எண்ணம் உங்களுடையது என்றால், இந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். அறைத்தோழரோ, விடுதிக் காப்பாளரோ, உங்கள் ஊரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணோ, அவசர சிகிச்சைப் பிரிவோ, யாராக இருந்தாலும் சரி. தனியாக இருக்காதீர்கள், குடிக்காதீர்கள். உச்சகட்ட வேகம் பெரும்பாலும் நிமிடங்களிலோ மணிகளிலோ தணியக்கூடியது. அந்த நேரத்தைக் கடப்பதுதான் இப்போதைய ஒரே வேலை.

நண்பர் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் என்றால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் முளைக்காது, ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. "ஆமாம்" என்றால் திட்டம் ஏதாவது உண்டா, எப்போது என்று கேளுங்கள். வாதாடாதீர்கள், "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எவ்வளவோ பேர்" என்று ஒப்பிடாதீர்கள். எந்தப் பொருளை வைத்து யோசிக்கிறாரோ அது அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். தனியாக விடாமல் பொறுப்பானவரிடமோ மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டால், "அதை மட்டும் என்னால தர முடியாது" என்று சொல்லிவிடுங்கள்.

நெருக்கடி தணிந்த பிறகு, ஆலோசகருடன் உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். நிலை மோசமாவதைக் காட்டும் முன்னறிகுறிகள், தனியாகச் செய்து மனதைத் திருப்பக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடங்களும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்களின் எண்கள், நிபுணர்களின் எண்களும் அவசர எண்ணும், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடு என ஆறு பகுதிகள். இதைப் போனில் படமாகவும் பர்ஸில் தாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: திரும்பி வரும்போது

விடுப்பு முடிந்து வருபவர்கள் விட்டதைப் பிடிக்க ஒரே செமஸ்டரில் இரண்டு மடங்கு பாடங்களைப் பதிவு செய்வதுதான் அடிக்கடி பார்க்கும் சறுக்கல். முதல் செமஸ்டரில் அனுமதிக்கும் குறைந்தபட்சத்தை எடுங்கள், ஆலோசகர் சந்திப்புகளைக் கால அட்டவணையில் வகுப்பு போலவே ஏற்றுங்கள். ஒரு முறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பிற்பாடு மீண்டும் வரலாம். ஆகவே உங்களுக்கு மட்டும் உரிய முதல் மூன்று அறிகுறிகளை எழுதுங்கள். போன் எடுக்காமல் இருப்பது, காலை வகுப்பை இரண்டு நாள் தொடர்ந்து தவறவிடுவது, துணி துவைக்காமல் குவிவது என்று அவ்வளவு சாதாரணமானவையாகவே இருக்கும். அந்தத் தாளின் பிரதி ஒன்றை நம்பகமான நண்பரிடம் கொடுத்து, மூன்றில் இரண்டைப் பார்த்தால் உங்களைக் கேட்காமலேயே ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட இப்போதே அனுமதி கொடுத்துவிடுங்கள்.